ஸ்டென்ட் வைத்த பிறகு மெடிகேர் திட்டத்தை மாற்றலாமா?

கேள்வி: எனக்கு 68 வயது. டெக்சஸில் பிளேனோவில் வசிக்கிறேன். 65 ஆனபோது மெடிகேரில் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு), பிரீமியம் இல்லை என்றதால், தனியார் கம்பெனி நடத்தும் ஒரு மெடிகேர் அட்வான்டேஜ் எச்.எம்.ஓ.வில் (பொதுவாக அவர்கள் நெட்வொர்க்கில் உள்ள மருத்துவர்களிடம்தான் போக முடியும்) சேர்ந்தேன். 2023 மார்ச்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். 2026 முதல் என் இதய மருத்துவர் அந்த நெட்வொர்க்கில் இல்லையாம். டிசம்பர் 7-க்குள் ஒரிஜினல் மெடிகேருக்கு (அரசே நேரடியாக நடத்துவது) மாறிவிடு என்கிறார் நண்பர். வரும் மார்ச்சில் மனைவிக்கு 65 ஆகிறது. அவர் இங்கே வேலை பார்த்ததில்லை. அவரையும் என் திட்டத்திலேயே சேர்க்கலாமா? மார்கழிக்குச் சென்னை போனால் மூன்று மாதம் தங்கிவிட்டுத்தான் வருவோம்.

பதில்: நண்பர் சொன்னதில் பாதி சரி. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை நீங்கள் ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் அதில் டாக்டர், வெளிநோயாளி சிகிச்சைச் செலவில் பொதுவாக 20 சதவீதம் உங்கள் தலையில் விழும், அதற்கு உச்சவரம்பே கிடையாது. அட்வான்டேஜில் வரம்பு உண்டு: 2026-ல் நெட்வொர்க்குக்குள் உங்கள் பங்கு 9,250 டாலரைத் தாண்டாது (மருந்துக் கணக்கு தனி). பல திட்டங்களில் இன்னும் குறைவு.

அந்த 20 சதவீதத்தை ஏற்றுக்கொள்ளத்தான் தனியார் கம்பெனிகள் விற்கும் மெடிகேப் என்ற துணை பாலிசி. சிக்கலும் அங்கேதான். 65 வயதில் பார்ட் பி (மெடிகேரில் டாக்டர், வெளிநோயாளி செலவுக்கான பகுதி) தொடங்கியதிலிருந்து ஆறு மாதம் எந்தக் கம்பெனியும் உடல்நிலையைக் காரணம் காட்டி மெடிகேப் தர மறுக்க முடியாது. உங்களுக்கு அந்த ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. நியூயார்க்கிலோ கனெக்டிகட்டிலோ இருந்திருந்தால் கவலையில்லை, அங்கே வருடம் முழுக்க வாங்கலாம். டெக்சஸில் மருத்துவக் கேள்விகள் கேட்பார்கள், மறுக்கவும் செய்வார்கள்.

முதலில், உங்கள் திட்டத்திலிருந்து வந்த கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். அடுத்த ஆண்டின் மாற்றங்களைச் சொல்லும் வழக்கமான அறிவிப்பா, அல்லது திட்டமே உங்கள் கவுன்ட்டியில் நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பா? இரண்டாவது என்றால் உங்களுக்கு யோகம்தான். உடல்நிலை கேட்காமல் சில மெடிகேப் பாலிசிகளை வாங்கும் உரிமை கிடைக்கும். பழைய திட்டம் முடிந்து 63 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவர் மட்டும் விலகினால் அந்த உரிமை கிடையாது.

வழக்கமான அறிவிப்புதான் என்றால், இப்போதே மெடிகேப் வகைகளில் ஒன்றான பிளான் ஜி-க்கு இரண்டு மூன்று கம்பெனிகளில் விண்ணப்பியுங்கள். பல படிவங்களில் இதயம் பற்றிய கேள்வி கடந்த இரண்டு ஆண்டுகளைத்தான் கேட்கும். உங்கள் ஸ்டென்ட் அதைத் தாண்டிவிட்டது. ஆனால் சர்க்கரையும் இதயமும் சேர்ந்தால் சிலர் ஒதுக்குவார்கள், எதையும் மறைக்காதீர்கள். ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வந்த பிறகுதான் பார்ட் டி மருந்துத் திட்டத்தில் சேருங்கள். அதில் சேர்ந்தாலே எச்.எம்.ஓ. தானாக ரத்தாகிவிடும். அதனால்தான் இந்த வரிசையை மாற்றக் கூடாது என்கிறேன். பதில் வரத் தாமதமானால் பதற வேண்டாம். அட்வான்டேஜில் இருப்பவர்கள் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இன்னொரு முறை மாறலாம்.

எல்லோரும் மறுத்துவிட்டால்? அட்வான்டேஜிலேயே இருங்கள், ஆனால் உங்கள் மருத்துவர் இருக்கும் வேறொரு எச்.எம்.ஓ. அல்லது பி.பி.ஓ.வுக்கு (கூடுதல் செலவில் நெட்வொர்க்குக்கு வெளியேயும் போகலாம்) மாறுங்கள். கம்பெனி வெப்சைட்டை நம்பாமல் மருத்துவரின் அலுவலகத்துக்கே ஃபோன் போட்டு, திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இந்த சீசனில் டி.வி.யில் வரும் விளம்பரங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். டெக்சஸில் ஹைகேப் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. அவர்களுக்குக் கமிஷன் கிடையாது.

மனைவி விஷயத்தில் நான் பிடிவாதமாகவே சொல்வேன்: உங்கள் திட்டத்தில் சேர்க்காதீர்கள். மெடிகேரில் குடும்ப பாலிசி என்று ஒன்று இல்லை, கணவன் ஒரு பக்கம் மனைவி ஒரு பக்கம் இருப்பதில் தப்பே இல்லை. நீங்கள் தவறவிட்ட ஆறு மாதம் அவருக்கு இனிமேல்தான் தொடங்கப் போகிறது. உங்கள் வேலைக் கணக்கை வைத்தே அவருக்குப் பார்ட் ஏ (மருத்துவமனையில் தங்கும் செலவுக்கான பகுதி) இலவசமாகக் கிடைக்கும். பார்ட் பி-க்கு டிசம்பரிலிருந்தே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், அப்போது சென்னையில் இருந்தாலும் சரி. கூடவே பிளான் ஜி-யும் ஒரு பார்ட் டி-யும் எடுத்துவிடுங்கள். மாதப் பிரீமியம் உறுத்தத்தான் செய்யும். பிற்பாடு கையைக் கடித்தது என்றால் அட்வான்டேஜுக்கு எந்த அக்டோபரிலும் போகலாம், திரும்பி வருவதுதான் கஷ்டம்.

அப்புறம் சென்னை. ஒரிஜினல் மெடிகேர் அங்கே பொதுவாகப் பணம் தராது. பிளான் ஜி அவசர சிகிச்சைக்கு மட்டும், 250 டாலர் போக 80 சதவீதம் தரும். அதுவும் பயணத்தின் முதல் 60 நாளில் தொடங்கினால்தான். வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். மூன்று மாதம் தங்குவதால் கடைசி ஒரு மாதம் ஒன்றுமே இல்லாமல் இருப்பீர்கள். ஆகவே டிராவல் இன்ஷூரன்ஸ் தனியாக எடுங்கள். உங்களுக்கு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள இதய நோய்க்கும் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.