ஜெர்மனிக்குப் போகும் பிள்ளைகளும் கொங்குப் பெற்றோரும்: கேள்வி பதில்

ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஜெர்மன் சொல்லித் தருகிறேன். மாணவர் பரிமாற்றத்துக்காக ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நான்கு முறை ஜெர்மனிக்குக் கூட்டிப் போய் வந்திருக்கிறேன். அடுத்த மே மாதப் பயணத்தைப் பற்றிச் சுற்றுவட்டாரப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

"இது டூர்தானுங்களே டீச்சர்? அப்புறம் எதுக்கு எங்க வீட்டுக்கு ஒரு ஜெர்மன் பையன் வரணும்?" (பல்லடம், தறி வைத்திருக்கும் ஒரு அப்பா)

டூர் இல்லைங்க. உங்கள் மகன் அங்கே ஒரு வீட்டில் அந்த வீட்டுப் பிள்ளையாகத் தங்கி, அந்தப் பையனோடு பள்ளிக்கூடம் போவான். சில மாதம் கழித்து அந்தப் பையன் உங்கள் வீட்டுக்கு வருவான். இந்த இரண்டாம் பாதி இல்லாவிட்டால் அதற்குப் பரிமாற்றம் என்ற பெயரே பொருந்தாது. ஒரு பள்ளி இதே பெயரைச் சொல்லி, ஓட்டலில் தங்கவைத்து, பதில் வருகையும் இல்லை என்றால் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

"செலவு எவ்வளவு ஆகுமுங்க?" (சோமனூர்)

தங்கலும் சாப்பாடும் அந்த வீட்டோடு போய்விடும். விமான டிக்கெட்தான் பெரிய தொகை. அதோடு காப்பீடு, விசா மைய சேவைக் கட்டணம், கைச்செலவு. கடன் வாங்கியோ கறவை மாட்டை விற்றோ அனுப்ப வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். வெளிநாட்டுப் பள்ளிகளில் ஜெர்மன் கற்பிப்பதற்காக ஜெர்மன் அரசு 2008-இல் தொடங்கிய பாஷ் (PASCH) திட்டத்தில் உள்ள பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அங்கே மொழி வகுப்புக்குப் போய்வர உதவித்தொகை உண்டு. உங்கள் பள்ளி அதில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

"ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல இனிஷியல் மட்டும்தான் இருக்குது. பாஸ்போர்ட்டுக்கு அது போதுமுங்களா?" (திருச்செங்கோடு, ஒரு அம்மா)

போதாது. நம் ஊர்க் குழுக்களில் அதிகச் சிக்கல் வருவதே இங்கேதான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். 'மு. தேன்மொழி' என்றால் அப்பா பெயரான முத்துச்சாமி எந்தக் கட்டத்தில் (பெயரா, குடும்பப் பெயரா) வருகிறது, தேன்மொழி எந்தக் கட்டத்தில் வருகிறது என்று விண்ணப்பத்திலேயே முடிவு செய்யுங்கள். அதன் பிறகு டிக்கெட், காப்பீடு, விசாப் படிவம் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அதுவே இருக்க வேண்டும்.

ஒரு பயணத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் ஒரு மாணவியின் பாஸ்போர்ட்டைப் பார்க்காமல், பள்ளிப் பட்டியலைப் பார்த்துப் பெயரை அடித்துவிட்டார். விமான நிலையக் கவுன்ட்டரில் மற்ற பிள்ளைகளெல்லாம் உள்ளே போய்விட்டார்கள். அவள் மட்டும் பெட்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து ஒவ்வொரு டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நானே விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்க்கிறேன்.

பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆகிவிட்டால் பத்தாண்டு பாஸ்போர்ட்டே கேட்டு வாங்கலாம். அதற்குக் குறைந்த வயதென்றால் ஐந்தாண்டுதான்.

"வீட்டுக்காரரும் நானும் தனியா இருக்கிறோம். அவர் கையெழுத்துக் கிடைக்காதுங்க." (பெயர், ஊர் சொல்ல விரும்பாதவர்)

பாஸ்போர்ட்டுக்கு வழி இருக்கிறதுங்க. அப்பா அம்மா இருவரும் சம்மதித்தால் 'டி' இணைப்புப் படிவம். ஒருவர் சம்மதம் கிடைக்காவிட்டால் 'சி' படிவத்தில் நிலைமையை எழுதிக் கொடுக்கலாம். விசாவுக்கு ஆவணம் கூடுதலாகக் கேட்பார்கள். ஆகவே நீதிமன்ற உத்தரவு ஏதாவது இருந்தால் இப்போதே நகல் எடுத்து வையுங்கள்.

"விசாவுக்கு எப்போ போடணும்?" (கரூர்)

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம். கடைசி எல்லை பதினைந்து நாள். ஆனால் அதுவரை யாரும் காத்திருக்காதீர்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணம் முடித்துத் திரும்பிய பிறகும் மூன்று மாதத்துக்குப் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். படிப்புக்காகப் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கூடப் போகும் ஆசிரியருக்கும் ஷெங்கன் விசாக் (ஜெர்மனி உட்பட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) கட்டணம் கிடையாது. பெரியவர்களுக்கு அது 90 யூரோ. பலருக்கு இந்த விலக்கு தெரியாமல் கட்டிவிடுகிறார்கள். இரண்டு பள்ளிகளின் கடிதமும் கையில் இருந்தால் கேட்டுப் பெறலாம். மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனி.

"பேத்திக்கு உப்புக்கண்டமும் நெய்யும் கொஞ்சம் கொப்பரையும் கட்டிக் கொடுக்கலாமா கண்ணு?" (காங்கேயம், ஒரு பாட்டி)

மூன்றுமே ஆகாதுங்க ஆத்தா. இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. அதனால் உப்புக்கண்டம், நெய், பால்கோவா எல்லாம் விமான நிலையத்திலேயே குப்பைக்குப் போய்விடும். கொப்பரை விமானத்திலேயே ஏறாது. எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானத் துறை அதைத் தடுத்து வைத்திருக்கிறது. காங்கேயத்துக்காரர்களுக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப்பொடி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் கடைப் பாக்கெட்டாக, பெயர் ஒட்டியபடி வையுங்கள். அரிசியும் துவரம்பருப்பும் அங்கே ஆசியக் கடைகளிலேயே கிடைக்கும்.

"அவங்க வீட்டுல எப்படி நடந்துக்கணும் மிஸ்?" (கோபி, பத்தாம் வகுப்பு மாணவி)

நல்ல கேள்வி கேட்டாய் அம்மிணி. ஒன்று மட்டும் மனதில் பதித்துக்கொள். நம் வீடுகளில் யாராவது சோறு போட வந்தால் முதலில் "போதுங்க" என்போம். அவர்கள் "அட, இன்னொரு கரண்டி" என்று போடுவார்கள். அங்கே ஒரு தடவைதான் கேட்பார்கள். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

என்னோடு வந்த ஒரு பிள்ளை முதல் ராத்திரி அப்படியே பட்டினி கிடந்தாள். அங்கே ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் அடுப்பு மூட்டாத சாப்பாடு. ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய். அந்த வீட்டு அம்மா ரொட்டிக் கூடையை நீட்டியிருக்கிறார். இவள் நன்றி சொல்கிற நினைப்பில் "டாங்கே" என்றாள். கூடை அப்படியே அடுத்தவர் பக்கம் போய்விட்டது. ஏதாவது நீட்டும்போது வெறும் "டாங்கே" என்றால் "வேண்டாம், நன்றி" என்று பொருள். வேண்டுமானால் "யா, கெர்னெ" என்று சொல்ல வேண்டும். மறுநாள் காலை பள்ளி வாசலில் இதை விளக்கியபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த அம்மாவும் நல்லவர்தான், பிள்ளைக்குப் பசியில்லை என்றே நினைத்திருக்கிறார். நான் பாடத்தில் "டாங்கே" சொல்லிக் கொடுத்தேனே தவிர, தட்டுக்கு முன்னால் அது என்ன ஆகும் என்று சொல்லவில்லை. இப்போது முதல் வகுப்பே அதுதான்.

மற்றபடி, ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும், தெருவும் அமைதியாக இருக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலைக் கசக்கி வீசாதே, கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் வரும். மே மாதத்திலும் காலையில் குளிரும். திருப்பூர் பனியன் மட்டும் போதாது, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

"தினமும் எத்தனை தடவை போன் பண்ணலாம்?" (பெருந்துறை, ஒரு அம்மா)

ஒரு தடவை. கோடையில் அவர்கள் நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்னால். நம் ராத்திரி எட்டரைக்கு அங்கே மாலை ஐந்து. அந்த நேரம் சரியாக இருக்கும். பிள்ளை அழுதால் உடனே "திரும்பி வந்துடு" என்று சொல்லாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் பெரும்பாலும் சரியாகிவிடும்.

"எங்க வீடு ஓட்டு வீடுங்க. ஏசி இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளையை எப்படித் தங்க வைக்கிறது?" (பவானி)

தாராளமாகத் தங்க வையுங்கள். தனிக் கட்டில், கொசுவலை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், குறைந்த காரம் இருந்தால் போதும். கழிப்பறை எந்த வகை என்று முன்கூட்டியே அந்த வீட்டுக்குச் சொல்லிவிடுவோம். கட்டாயமான வேலை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். பள்ளியே உங்களுக்குச் செய்து கொடுக்கும்.

போன முறை வந்த ஒரு பையனைப் பவானியில் ஜமக்காளம் நெய்யும் வீட்டுக்கே கூட்டிப் போனோம். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான். நெசவுக்காரர் அவன் கையைப் பிடித்து நாடாவைத் தள்ளிக் காட்டினார். அரை மணி நேரத்தில் ஒரு சாண்கூட நெய்திருக்க மாட்டான், எழுந்திருக்க மட்டும் மனமில்லை. ஈரோடு மஞ்சள் சந்தையும் திருப்பூர் பனியன் கம்பெனியும் காட்டலாம். ஆனால் உங்கள் வீட்டுத் திண்ணையும் தோட்டமும்தான் அவனுக்குப் புதுசு.

"அந்த வீட்டுக்கு என்ன பரிசு கொண்டு போகலாம் மிஸ்?" (பொள்ளாச்சி, ஒன்பதாம் வகுப்பு மாணவன்)

விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம் தம்பி. சின்ன ஜமக்காளம் ஒன்று, ஈரோட்டு மஞ்சள்தூள் ஒரு பாக்கெட். அப்புறம் அரிசிம்பருப்பு செய்யும் முறையை அம்மாவிடம் கேட்டு, உன் கையெழுத்தில் ஜெர்மனில் எழுதி எடுத்துக்கொள். பிழை திருத்த என்னிடம் கொண்டு வா. கிளம்பும் முன் வீட்டில் இரண்டு தடவை நீயே செய்து பார். அந்த வீட்டில் ஒரு நாள் ராத்திரி நீதான் சமைக்க வேண்டியிருக்கும்.