பேசிஸ் செட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் விடை சரியாகிவிடுமா?

இரண்டு நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பின் ஆற்றலை 6-31ஜி* என்ற பேசிஸ் செட் (எலக்ட்ரான்களின் பரவலை விவரிக்கப் பயன்படும் கணிதச் சார்புகளின் தொகுப்பு) கொண்டு கணக்கிட்டிருக்கிறீர்கள். மதிப்பு கூடுதலாக வருகிறது, இன்னும் பெரிய பேசிஸ் செட் போட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள். பெரிதாக்குவது உதவும். ஆனால் எதைச் சேர்த்துப் பெரிதாக்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

ஹார்ட்ரீ–ஃபாக் முறையில் (ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரி விசையை மட்டும் உணர்வதாகக் கொள்ளும் எளிய முறை) நீரின் பிணைப்புக் கோணத்தையே பாருங்கள். சோதனை மதிப்பு 104.5 பாகை. மிகச் சிறியதான எஸ்டிஓ-3ஜி 100 பாகை தருகிறது. அதைவிடப் பெரிய 4-31ஜி 111 பாகைக்குப் போய்விடுகிறது. அதாவது பெரிதாக்கியதும் பிழை கூடுகிறது! ஆக்சிஜன் மேல் டி வகைச் சார்புகளைச் (எஸ், பி, டி என்பவை சார்புகளின் வடிவங்கள்; எஸ் கோளம், பி இரு மடல், டி இன்னும் சிக்கலானது) சேர்த்த 6-31ஜி* தான் 105.5க்குத் திரும்புகிறது. அம்மோனியாவின் கதை இன்னும் விசித்திரம். எஸ், பி சார்புகளை மட்டும் எல்லையில்லாமல் சேர்த்துக்கொண்டே போனால் ஹார்ட்ரீ–ஃபாக் அதைத் தட்டையான மூலக்கூறு என்றே சொல்லும். நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இரட்டை ஒரு பக்கம் சாய்வதற்கு டி சார்பு வேண்டும். இல்லாத வடிவத்தை எண்ணிக்கையால் ஈடுகட்ட முடியாது.

இவ்வளவு சார்புகள் ஏன் தேவைப்படுகின்றன என்றால், நாம் பயன்படுத்தும் காஸ் சார்புகள் (மணி வடிவ வளைவுகள்) உண்மையில் அணுவுக்குப் பொருத்தமானவை அல்ல. அணுக்கருவில் கூர்மையாக இருக்க வேண்டிய இடத்தில் அவை மழுங்கியிருக்கின்றன. தொலைவில் வேகமாக மறைகின்றன. ஸ்லேட்டர் சார்புகள் இவ்விரண்டிலும் மேல். ஆனாலும் 1950இல் வேதியியலாளர் பாய்ஸ் காஸ் சார்புகளை முன்மொழிந்ததற்குக் கணித வசதியே காரணம். வெவ்வேறு அணுக்களில் அமர்ந்த இரண்டு காஸ் சார்புகளைப் பெருக்கினால், அவற்றுக்கு நடுவே அமர்ந்த ஒரே காஸ் சார்பு கிடைக்கும். நான்கு அணுக்களைத் தொடும் தொகையீடுகள் அதனால் எளிதாகின்றன. எஸ்டிஓ-3ஜி என்ற பெயரே, ஒரு ஸ்லேட்டர் சார்பை மூன்று காஸ் சார்புகளால் ஒப்பேற்றுகிறோம் என்ற ஒப்புதல்தான்.

இனி உங்கள் கணக்கு. நீர் இணையின் பிணைப்பாற்றல் மோலுக்கு ஏறத்தாழ 5 கிலோகலோரி. இவ்வளவு சிறிய வேறுபாட்டை அளக்கும்போது, சிறிய பேசிஸ் செட்டில் ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறின் சார்புகளையும் கடன் வாங்கித் தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறது. தனியாக இருக்கும்போது அந்தக் கடன் கிடைப்பதில்லை. ஆகவே பிணைப்பு உள்ளதைவிட வலுவாகத் தெரிகிறது. 1970இல் பாய்ஸும் பெர்னார்டியும் தந்த கவுண்டர்பாய்ஸ் திருத்தம் இதற்குத்தான்: ஒவ்வொரு மூலக்கூறையும் தனியாகக் கணக்கிடும்போதும், மற்றதன் சார்புகளை அணுக்கருவும் எலக்ட்ரானும் இல்லாத பேய் அணுக்களாக அதே இடத்தில் வைத்துவிடுங்கள். (பேய் அணு என்பது துறையில் உண்மையாகவே புழங்கும் பெயர்.)

கூடவே, அகன்று பரவும் சார்புகளைச் சேர்த்த, டன்னிங் உருவாக்கிய பேசிஸ் செட் வகைக்கு மாறுங்கள். ஹைட்ரஜன் பிணைப்பு நடப்பது எலக்ட்ரான் மேகத்தின் ஓரத்தில். 6-31ஜி* அங்கே ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. எதிர்மின் அயனிகளைக் கணக்கிடும்போதும் இதே குறைதான்.

செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். பரவும் சார்புகள் இல்லாமலேயே, ஒரு நீர் மூலக்கூறுக்கு டன்னிங்கின் இரட்டை ஸீட்டாவில் (ஒவ்வொரு வெளி ஆர்பிட்டாலுக்கும் இரண்டு சார்புகள்) 24 சார்புகள், மும்மை ஸீட்டாவில் 58, நான்மை ஸீட்டாவில் 115. தொகையீடுகளின் எண்ணிக்கை முறைப்படி நான்காம் அடுக்கில் உயரும்: சார்புகள் இரட்டித்தால் தொகையீடுகள் 16 மடங்கு. டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலைக் கணக்கிடும் முறை) என்றால் பரவும் சார்புகளுடன் மும்மை ஸீட்டாவில் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் மிஞ்சும் பிழை பெரும்பாலும் ஃபங்ஷனலுடையது, அதாவது அந்த முறை பயன்படுத்தும் தோராயச் சூத்திரத்துடையது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்ப்பதை நுட்பமாகக் கணக்கிடும் கப்பிள்டு கிளஸ்டர் போன்ற முறைகள், பேசிஸ் செட்டைப் பெரிதாக்கும்போது மெதுவாகவே குவியும். அவற்றுக்கு மும்மை, நான்மை இரண்டிலும் கணக்கிட்டு, முடிவில்லாப் பெரிய பேசிஸ் செட்டுக்கான எல்லை மதிப்பை நீட்டிக் கணிப்பதே வழக்கம்.