வாசகர் கேள்வி–பதில்: வெள்ளம், தீ, வீட்டுப் பத்திரங்கள்

கேள்வி: எங்களுடையது ஒரு மாடி வரிசை வீடு. பிறப்புப் பத்திரம், வீட்டு கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்), பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே பெரிய கோப்பில், அலமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன. திடீர் வெள்ளம் என்றால் எதை முதலில் எடுப்பது?
– வாசகி, செந்தூல்

பதில்: கோப்பை இன்றைக்கே மேல்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வெள்ளமும் கறையானும் கீழிருந்துதான் ஏறுகின்றன. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளம் முழுவதும் மூழ்கிய வீடுகள் பல. அந்த அளவு நீருக்கு மேல்தட்டும் போதாது. அதனால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய ஒரு பை தனியாக வேண்டும்.

பைக்குள் எது போகவேண்டும் என்பதற்கு ஒரே அளவுகோல்தான்: தொலைந்தால் திரும்பக் கிடைக்குமா? மைகார்டு (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், பதிவுத் திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் பதிவு தேசியப் பதிவிலாகாவில் இருக்கிறது. அலைச்சலும் கட்டணமும் இருந்தாலும் மறுபடி வாங்கிவிடலாம். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் அசல் கிராண்ட் பெரும்பாலும் வங்கியிடம்தான் இருக்கும். கடன் முடிந்து கைக்கு வந்த கிராண்ட் தொலைந்தால்தான் சிக்கல்: போலீஸ் புகார், சத்தியப் பிரமாணம், நில அலுவலகத்தில் விண்ணப்பம், அரசிதழ் அறிவிப்பு என்று இழுத்துக்கொண்டே போகும்.

உயிலின் அசல் இன்னும் முக்கியம். எழுதியவரிடம் இருந்த அசல் அவர் இறந்தபின் கிடைக்கவில்லை என்றால், அவரே அதை அழித்துவிட்டார் என்று நீதிமன்றம் கருத இடமுண்டு. நகலை வைத்து நிரூபிக்கும் பாரம் குடும்பத்தின் தலையில் விழும்.

நம் குடும்பங்களில் பலர் கவனிக்காமல் விடுவது பழைய தாள்களை. தாத்தா பாட்டியின் குடியுரிமைச் சான்றிதழ், பழைய சிவப்பு அடையாளக் கார்டு, தோட்டத்து வேலைப் பதிவு எதையும் குப்பை என்று எண்ணாதீர்கள். இன்றைய திருமணப் பதிவுச் சட்டம் 1982 மார்ச் 1-இல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் கோயிலில் நடந்து, பதிவாகாமலே போன திருமணங்கள் உண்டு. அவற்றுக்கு அழைப்பிதழும் படமும் கோயில் ரசீதும்தான் சாட்சி. அவை முதலில் பைக்குள் போகட்டும்.

கட்டும் முறை: ஒவ்வொரு தாளையும் பாலிப்ரோப்பிலின் உறையில் போடுங்கள். பிவிசி உறை வேண்டாம். நம் ஊர் வெக்கையில் லேசர் அச்சின் மை அதில் ஒட்டி உரிந்து வரும். பிறகு ஏ4 அளவு ஜிப் பையில் வைத்துக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். இன்னொரு ஜிப் பைக்குள் அதன் வாய் கீழே இருக்கும்படி செருகுங்கள். ஒரு ஜிப் கசிந்தாலும் மற்றொன்று தாங்கும். கடைசியில் படகுப் பயணத்துக்கு விற்கும், நீர் புகாத 10 லிட்டர் டிரை பேக். அதன் வாயைக் குறைந்தது மூன்று மடிப்பு சுருட்டிக் கொக்கி போடவேண்டும். ஒரே மடிப்போடு விட்டால் நீர் உள்ளே போய்விடும். பை மிதந்து போனாலும் திரும்பிவர, வேறு ஊரிலுள்ள உறவினரின் எண்ணை வெளியே எழுதிக் கட்டுங்கள். உள்ளே கொஞ்சம் சில்லறை நோட்டுகளும் கிரில் கதவின் மாற்றுச் சாவியும் இருக்கட்டும். மின்சாரம் போனால் ஏடிஎம்மும் நின்றுபோகலாம். ஒரு கையால் தூக்க முடியாத பை வெள்ளத்தில் உதவாது.

கேள்வி: தீப்பிடிக்காத இரும்புப் பெட்டி வாங்கலாமா? அதில் வைத்தால் வெள்ளத்துக்கும் பயமில்லைதானே?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: தீயைத் தாங்கும் பெட்டி நீரையும் தாங்கும் என்று நினைக்காதீர்கள். நீரைத் தாங்கும் என்றால் எத்தனை மணி நேரம், எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று தனியாகக் குறித்திருக்கும். குறிப்பு இல்லையென்றால் தாங்காது என்றே கொள்ளுங்கள். 2017 நவம்பரில் பினாங்கில் வந்ததுபோன்ற வெள்ளத்தில் கூடத்துத் தரையில் இருக்கும் பெட்டி நாள் முழுக்க நீருக்குள் கிடக்கக்கூடும். மாடி இருந்தால் பெட்டி மாடியில் இருக்கட்டும்.

தீத் தரத்தையும் படித்து வாங்குங்கள். காகிதத்துக்கான ஒரு மணி நேரத் தரம் என்றால், வெளியே ஏறத்தாழ 927 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினாலும் உள்ளே 177 டிகிரியைத் தாண்டாது என்று பொருள். காகிதம் பிழைக்கும். ஆனால் பென்டிரைவ், ஹார்டுடிஸ்க் போன்றவற்றுக்கான தரத்தில் வரம்பு 52 டிகிரிதான். காகிதப் பெட்டியில் வைத்த பென்டிரைவ் தீயில் பிழைக்கும் என்று நம்பவேண்டாம். அதை வேறு ஊரிலுள்ள அண்ணன், தங்கை வீட்டில் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைப்பது மேல்.

இன்னொன்று, இது கடைக்காரர் சொல்லாதது: அந்தப் பெட்டிகளின் சுவருக்குள் நீரைப் பிடித்துவைத்திருக்கும் பொருள் உண்டு. தீயில் அது ஆவியாகித்தான் சூட்டைத் தணிக்கிறது. சாதாரண நாளிலும் அந்த ஈரம் சிறிது சிறிதாக உள்ளே கசியும். மூடியே வைத்தால் சில மாதங்களில் பூஞ்சை பிடிக்கும். பெட்டி சிறியதென்றால் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் 100 கிராம் போடுங்கள். நிறம் மாறியதும் தட்டில் கொட்டி, கேக் சுடும் மின்னடுப்பில் (ஓவன்) 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தினால் மறுபடி உதவும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெட்டியைச் சற்று நேரம் திறந்துவையுங்கள். சிறிய பெட்டியைத் திருடன் அப்படியே தூக்கிப் போவான். கான்கிரீட் தரையிலோ சுவரிலோ போல்ட் அடிக்காமல் வைத்துப் பயனில்லை.

கேள்வி: நகைகளைச் சாமி மேடைக்குக் கீழ் இழுப்பறையில் வைத்திருக்கிறோம். வீட்டுக் காப்புறுதியும் எடுத்தாயிற்று. போதுமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: தயவுசெய்து இடத்தை மாற்றுங்கள். மேலே விளக்கு, பக்கத்தில் எண்ணெயும் கற்பூரமும், கீழே மர இழுப்பறை. வீட்டில் தீ தொடங்க வாய்ப்புள்ள இடங்களில் அதுவும் ஒன்று. தங்கம் உருகினாலும் எடையாவது மிஞ்சும். முத்தும் பவழமும் மிஞ்சாது.

காப்புறுதி விஷயத்தில் பாலிசியை எடுத்துப் படியுங்கள். வெறும் தீக் காப்புறுதி வெள்ளத்துக்கு ஈடு தராது. வீட்டுப் பொருள்களுக்கான வழக்கமான பாலிசியில் நகை, தங்கம், வெள்ளி எல்லாம் சேர்த்து மொத்தக் காப்புத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கணக்கில் வராது. தனியாகக் குறிப்பிடாத ஒரே பொருளுக்கு 5 விழுக்காடுதான் வரம்பு. 60,000 ரிங்கிட் பாலிசி என்றால் ஒரு தாலிக்கொடிக்கு 3,000 ரிங்கிட்தான். விலை உயர்ந்த ஒவ்வொன்றையும் தனியே எழுதச் சொல்லுங்கள். திருட்டுக்கு ஈடு கேட்கக் கதவையோ கிரில்லையோ உடைத்து நுழைந்த அடையாளம் வேண்டும். ரொக்கமும் பத்திரங்களும் குறிப்பிட்டு எழுதினாலன்றிச் சேராது.

ஒவ்வொரு நகையையும் தராசில் வைத்து, எடை தெரியும்படியும் 916 முத்திரை தெரியும்படியும் படம் எடுத்துவையுங்கள். ரசீதையும் படமெடுங்கள். வெப்பத்தாளில் அடித்த ரசீது ஓரிரு ஆண்டில் வெளுத்துவிடும்.

கேள்வி: ஏற்கெனவே நனைந்துபோன பத்திரங்களை என்ன செய்வது? லேமினேட் செய்திருந்தால் தப்பித்திருக்குமா?
– வாசகர், செகாம்புட்

பதில்: அசலை லேமினேட் செய்யவே வேண்டாம். பிரிக்க முடியாது, முத்திரையையும் சரிபார்க்க முடியாது. ஓரம் விட்டுப்போனால் உள்ளே புகுந்த நீர் காயவும் வழியில்லை.

நனைந்த தாளில் 48 மணி நேரத்தில் பூஞ்சை வந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; வெள்ள நீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. ஒட்டிய தாள்களை உரிக்காதீர்கள். சேற்றை மெல்லிய குழாய்நீரில் கழுவலாம், ஆனால் பேனா மையில் எழுதியதையும் இங்க்ஜெட் அச்சையும் கழுவக்கூடாது. அவற்றை ஒற்றி எடுங்கள். நிழலில் வெள்ளைத் துணிமேல் பரப்பி, நேரே படாமல் மின்விசிறி ஓடவிடுங்கள். வெயிலும் முடி உலர்த்தியும் தாளை நெளியவைக்கும். கட்டுக்கட்டாக நனைந்து, நேரம் இல்லையென்றால், கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் தாளில் சுற்றிப் பையிலிட்டு ஃபிரீசரில் வையுங்கள். பூஞ்சை வளர்வது நிற்கும். பிறகு ஒவ்வொரு கட்டாக எடுத்து உலர்த்தலாம். ஒன்றோடொன்று ஒட்டிய பழைய புகைப்படங்களைக் காயவிடாமல் சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். இரண்டு நாளுக்குள் தாமாகப் பிரிபவற்றை எடுத்து, படப்பக்கத்தைத் தொடாமல் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.