கேப்டன் ஆக்குகிறோம் என்று பணம் கேட்டால்

பாம்பன் அண்ணனுக்கு,

பிளஸ் ஒன் படிக்கும் மகளை "நேவியில் கேப்டன் ஆக்கிவிடுகிறோம்" என்று ஒருவர் முன்பணம் கேட்பதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள் அண்ணே, இதைப் படித்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கள்.

கேப்டன் என்ற சொல்லுக்கு இடத்துக்கு இடம் அர்த்தம் மாறும். சரக்குக் கப்பலில் அது ஒரு பொறுப்பு, தோணியை நடத்திச் செல்லும் தண்டல் மாதிரி. படிப்படியாகக் கடல் அனுபவம் சேர்த்து, பரீட்சை எழுதி, மாஸ்டர் சான்றிதழ் வாங்கணும். தரைப்படையில் கேப்டன் என்றால் இளம் அதிகாரி. கடற்படையில் அதே பெயர் தரைப்படைக் கர்னலுக்குச் சமமான பெரிய பதவி. சப் லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர் என்று ஏறி வரணும். கமாண்டர் வரை பணிக்காலத்தை வைத்து உயர்வு வரும், கேப்டனாகத் தேர்வுக் குழு தேர்ந்தெடுக்கணும். இதைக் காசு வாங்கிக்கொண்டு எவரும் தர முடியாது.

மண்டபத்தில் நீங்கள் பார்ப்பது கடலோரக் காவல்படை, அங்கே "கமாண்டன்ட்" என்பார்கள், அது வேறு படை, வேறு பதவி. உச்சிப்புளி பருந்து தளம்தான் கடற்படை.

பாப்பா அட்மிரல் ஆகணும் என்கிறாளாமே, ரொம்ப சந்தோஷம். கேப்டனுக்கு மேலே கமோடோர், ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், எல்லாவற்றுக்கும் உச்சியில் அட்மிரல். கடற்படைத் தளபதிக்குரிய பதவி அது. 1958-இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் ராம் தாஸ் கட்டாரி, நம் செங்கல்பட்டில் பிறந்தவர். அப்போது தளபதியே வைஸ் அட்மிரல்தான், 1968-இல்தான் அது முழு அட்மிரலாக உயர்ந்தது.

சரி, வழி என்ன? என்.டி.ஏ. தேர்வு, அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேருவதற்கான தேர்வு. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது, 2021 முதல் பெண்களும் எழுதுகிறார்கள், அவர்களுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. பிளஸ் டூவில் இருக்கும்போதே எழுதலாம், கடற்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். தேறினால் எஸ்.எஸ்.பி. என்னும் படை அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, அப்புறம் புனே அருகே கடக்வாசலாவில் உள்ள அந்த அகாடமியில் மூன்று வருடம், பிறகு கேரளத்தில் எழிமலை கடற்படை அகாடமியில் பயிற்சி. பயிற்சிச் செலவை அரசே பார்த்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் இந்த மாதமே செய்யுங்கள்: ராமநாதபுரம் போய்ப் பாப்பாவுக்கு ஒரு கண் டாக்டரிடம் பார்வையும் நிறம் பிரித்தறிவதும் சோதித்துவிடுங்கள். எழுத்துத் தேர்வில் நன்றாகத் தேறிய பிள்ளைகள் மருத்துவப் பரிசோதனையில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன், அந்த வலி உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.