கையில் ஏடிஆர் வேலை, கண்ணில் ஏர்பஸ் கனவு: எதை எடுப்பது?

கேள்வி: மகள் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் (சிபிஎல்) வாங்கி 14 மாதம் ஆகிறது. மொத்தம் 215 மணி நேரம் பறந்திருக்கிறாள். சிறு நகரங்களுக்கு ஏடிஆர் (விசிறி வைத்த சிறிய பயணிகள் விமானம்) விடும் ஒரு சின்ன நிறுவனம் 5 வருட பாண்டுடன் (இடையில் விலகினால் பணம் கட்டவேண்டும் என்ற ஒப்பந்தம்) வேலை தருகிறது. ஒரு பயிற்சி மையமோ, “இன்னும் 15 லட்சம் போட்டு ஏ320 டைப் ரேட்டிங் (ஏர்பஸ்ஸின் அந்த ரக ஜெட்டை ஓட்டும் தகுதி) முடித்துவிடுங்கள், பெரிய கம்பெனி கூப்பிட்டு எடுக்கும்” என்கிறது. ஏற்கெனவே 60 லட்சம் கடன். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, “சின்ன ஏர்லைனில் சேர்ந்து மெல்ல மேலே போவதுதான் முறை” என்கிறான். எதைக் கேட்பது?

பதில்: உங்கள் தம்பி சொல்வது அந்த ஊருக்குச் சரி. அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. யூடியூபில் கிடைக்கும் பைலட் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்கச் சரக்கு என்பதால், முதலில் இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிடுவோம்.

2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்தால், 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் 1500 மணி நேரம் வேண்டும். ராணுவத்தில் ஓட்டியவர்களுக்கும் விமானப் பட்டம் படித்தவர்களுக்கும் மட்டும் சலுகை உண்டு. அதனால் லைசென்ஸ் வாங்கிய பையன் ஓரிரு வருடம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து மணி சேர்க்கிறான். பிறகு ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய் போன்ற ரீஜனல் நிறுவனத்தில் 50 முதல் 76 இருக்கை விமானம் ஓட்டுகிறான். அதன் பிறகுதான் டெல்டா, யுனைடெட் போன்ற பெரிய கம்பெனிகள். அங்கே எல்லாம் சீனியாரிட்டிதான். சேர்ந்த தேதிதான் சம்பளத்தையும் லீவையும் எந்த விமானம் என்பதையும் முடிவு செய்யும். கம்பெனி மாறினால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும்.

இந்தியாவில் 200 மணி நேரத்துடன் சிபிஎல் வாங்கியவர், டைப் ரேட்டிங் முடித்தால் நேராக ஏ320 வலது இருக்கையில், அதாவது துணை விமானியாக, உட்காரலாம். ஆகவே ஏடிஆர் இங்கே கட்டாயப் படி இல்லை. சின்ன நிறுவனத்திலிருந்து பெரியதற்குத் தானாகத் திறக்கும் கதவும் இல்லை. அலையன்ஸ் ஏர் என்றதும் பலர் ஏர் இந்தியாவின் வாசல் என்று நினைக்கிறார்கள். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் போனபோது அலையன்ஸ் ஏர் அரசிடமே தங்கிவிட்டது. இரண்டும் இப்போது வேறு வேறு வீடு. இண்டிகோ கதை வேறு: 2017 டிசம்பர் முதல் அது ஏடிஆரையும் தன் கூரைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அங்கே ஏடிஆரில் சேர்பவர் கேட்கவேண்டியது ஒன்றுதான்: ஏர்பஸ்ஸுக்கு மாற எத்தனை வருடம், எத்தனை மணி, அப்போது பாண்டு புதிதாகத் தொடங்குமா?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனம் எதுவும் தேதி குறித்துக் கூப்பிடவில்லை என்றால், ஏடிஆர் வேலையை எடுங்கள், பாண்டை வரிக்கு வரி படித்த பிறகு. அந்த 15 லட்சத்தை மட்டும் போடாதீர்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 லட்சம் கடன் 10.5 சதவீதத்தில், 10 வருடத்தில் அடைப்பது என்றால் மாதத் தவணை சுமார் 81,000 ரூபாய். இன்னொரு 15 லட்சம் சேர்ந்தால் தவணை ஏறக்குறைய 20,000 கூடும். வேலை உறுதி எதுவும் கூடாது. டைப் ரேட்டிங் என்பது சுவரில் மாட்டும் பட்டம் மாதிரி இல்லை, உபயோகிக்காவிட்டால் துருப்பிடிக்கும். சிமுலேட்டரில் கற்ற கை, விமானத்தில் உட்காராமல் ஒரு வருடம் போனால் மறந்துவிடும். அப்புறம் ரிஃப்ரெஷர், மறுபடி சோதனை, மறுபடி காசு. ஏ320 ரேட்டிங் முடித்துவிட்டு ஒரு நேர்காணல்கூட வராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இந்த நாட்டில் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. நியமனக் கடிதம் கையில் வந்து, அந்த நிறுவனம் எந்த விமானத்தில், எந்த மையத்தில் என்று சொன்ன பிறகு ரேட்டிங்குக்குப் பணம் கட்டுவதே சரியான வரிசை.

பெரிய நிறுவனங்கள் பின்னாளில் முதலில் பார்ப்பது பறந்த மணியை. ஏடிபிஎல் எனும் மேல்நிலை லைசென்ஸுக்கு 1500 மணி வேண்டும், அது இல்லாமல் கேப்டன் ஆக முடியாது. மகள் வருடத்துக்கு 700 மணி பறந்தால், மீதி 1285 மணி இரண்டு வருடத்துக்குள் சேரும். 400 மணிதான் கிடைக்கும் என்றால் மூன்று வருடத்துக்கு மேல். சட்டப்படி உச்சவரம்பு வருடத்துக்கு 1000 மணி, ஆனால் சின்ன நிறுவனத்தில் அந்த வரம்பு பிரச்சினையே இல்லை, விமானம் கிடைப்பதுதான் பிரச்சினை. நான்கு விமானத்தில் ஒன்று உதிரிபாகத்துக்காகத் தரையில் நின்றால், எல்லோருடைய மணியிலும் கால் பங்கு போயிற்று. ஆகவே நேர்காணலில் சம்பளத்தைவிட இதைக் கேளுங்கள்: எத்தனை விமானம் இன்று பறக்கிறது, எத்தனை விமானிகள் இருக்கிறார்கள், போன வருடம் ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) சராசரியாக எத்தனை மணி பறந்தார்? அதைவிட நல்ல வழி, அங்கே வேலை செய்யும் ஜூனியர் ஒருவரைப் பிடித்து அவர் பறந்த மணியைக் குறிக்கும் லாக்புக்கைப் பற்றி விசாரிப்பது.

ஏடிஆர் 72-600 பற்றி ஒரு தாழ்வு எண்ணம் உலவுகிறது, “விசிறி வைத்த விமானம்” என்று. கற்பதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் குறைவு. எழுபதுக்கு மேல் இருக்கை, 25,000 அடி உச்சம், ஆட்டோ திராட்டில் கிடையாது. வேகத்தைக் கையால்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். சென்னை–டெல்லி போய்வந்தால் ஏர்பஸ் விமானிக்கு ஐந்தரை மணியும் இரண்டு தரையிறக்கமும், அதிலும் ஒன்று கேப்டனுக்குப் போகும். ஏடிஆரில் அதே நேரத்தில் நான்கைந்து ஏற்றமும் இறக்கமும் நடக்கும். லட்சத்தீவின் அகத்தி போன்ற, சுமார் 1200 மீட்டர் ஓடுதளத்தில் ஓட்டுவது தனிப் பாடம். ஏபியு என்ற துணை எஞ்சின் அதில் இல்லை. வலது எஞ்சினின் விசிறியைப் பிரேக் போட்டு நிறுத்தி, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு மின்சாரமும் குளிர்காற்றும் எடுப்பார்கள். சித்திரை வெயிலில் வரிசையாக நான்கு முறை ஏறி இறங்கினால் உடம்பு தெரிந்துகொள்ளும்.

அதன் கஷ்டங்களும் உண்மைதான். எஞ்சின் ஒன்று நின்றால் நின்ற விசிறி விமானத்தை ஒரு பக்கம் இழுக்கும், நிதானம் தவறக்கூடாது. 2015 பிப்ரவரியில் தைவானில் டிரான்ஸ்ஏசியா விமானிகள் பழுதான எஞ்சினுக்குப் பதில் நன்றாக ஓடிய எஞ்சினை அணைத்துவிட்டார்கள். 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்காராவில் எட்டி ஏர்லைன்ஸ் விமானத்தில் தவறான லீவரை இழுத்ததில் இரண்டு விசிறியும் உந்துவிசை இழந்தன, 72 பேர் போனார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பயிற்சியில் அவசரப்படுத்தும் நிறுவனமா, பொறுத்துச் சொல்லிக்கொடுக்கும் நிறுவனமா என்று விசாரிக்கும்போது இந்த இரண்டும் நினைவில் இருக்கட்டும்.

பாண்டு விஷயத்துக்கு வருவோம், பெற்றோர் ஏமாறும் இடம் இதுதான். ஐந்து வருடம் எந்த நாளிலிருந்து? சேர்ந்த நாளிலிருந்தா, லைனில் (வழக்கமான பயணிகள் விமானத்தில்) பயிற்சியாளர் இல்லாமல் விடும் ‘ரிலீஸ்’ நாளிலிருந்தா? வகுப்பு, சிமுலேட்டர், மேற்பார்வையில் பறக்கும் பயிற்சி எல்லாம் முடிய மாதங்கள் ஓடும், சில சமயம் ஒரு வருடம்கூட. ரிலீஸ் நாளிலிருந்து என்றால் ஐந்து ஆறாகிவிடும். தொகை வருடாவருடம் குறைகிறதா, நாலரை வருடம் கழித்து விலகினாலும் முழுத்தொகையா? சிமுலேட்டர் தேர்வில் ஒரு முறை தவறினால் கூடுதல் நேரத்துக்கு யார் கட்டுவது? நிறுவனமே பறக்கவைக்காமல் மாதக்கணக்கில் உட்காரவைத்தால், சம்பளம் நிறுத்தினால், பாண்டு செல்லுமா? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களையோ தேதி போடாத காசோலைகளையோ கொடுக்காதீர்கள். கையெழுத்துக்கு முன் வேலைவாய்ப்பு வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் காட்டுவதற்கு ஆகும் சில ஆயிரம், மொத்தச் செலவில் ஒரு தூசு.

பாண்டு வேறு, நோட்டீஸ் வேறு. 2017இல் விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ வெளியிட்ட விதி, விலகும் துணை விமானிக்கு 6 மாதமும் கேப்டனுக்கு ஒரு வருடமும் நோட்டீஸ் என்று சொல்கிறது. பெரிய நிறுவனம் “அடுத்த மாதம் வா” என்றால் போக முடியாது. அதையும் திட்டத்தில் சேர்க்கவேண்டும்.

சின்ன நிறுவனம் நிலைக்குமா என்ற பயம் வந்தால் அது நியாயமானது. நம் பக்கத்திலேயே பாரமவுண்ட் ஏர்வேஸ் 2010இல் நின்றது. கோவையிலிருந்து ஏடிஆர் விட்ட ஏர் கார்னிவல், 2016இல் தொடங்கி அடுத்த வருடமே நின்றது. சென்னை–சேலம் ஓட்டிய ட்ரூஜெட்டும் இன்று இல்லை. ஆனால் பெரியது என்றால் பாதுகாப்பு என்றும் நினைக்கவேண்டாம்: கிங்ஃபிஷர் 2012இல், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மேயில். அகலக்கால் வைத்ததில் விழுந்தவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. விழும்போது மகள் கையில் 1500 மணி இருந்தால் அவள் அடுத்த வீடு தேடிக்கொள்வாள், 300 மணி இருந்தால் சிரமம்.

பிற்பாடு ஏர்பஸ்ஸுக்கு மாறுவது கஷ்டமா? தரையிறங்க வரும் வேகம் சுமார் 110 நாட் (knot, விமான வேக அளவு) என்பதிலிருந்து 135–140க்கு ஏறும். ஏடிஆரில் பவரைக் குறைத்தால் விசிறியே பிரேக் போல வேகத்தைத் தின்றுவிடும். ஏ320 நியோ வழுக்கிக்கொண்டே போகும், இறங்குவதையும் வேகம் குறைப்பதையும் முன்கூட்டியே தொடங்கவேண்டும். ஏடிஆர் ஆட்கள் முதலில் தடுமாறுவது அங்கேதான், சில வாரத்தில் சரியாகிவிடும். வளைகுடா நிறுவனங்கள் பல ஜெட் மணியைத் தனியாகக் கேட்கும் என்பது மட்டும் உண்மையான குறை. அங்கே போவதுதான் ஆசை என்றால், ஏடிஆரிலேயே கேப்டன் ஆகிவிட்டு மாறுவதா, ஃபர்ஸ்ட் ஆபீசராகவே சீக்கிரம் ஜெட்டுக்குத் தாவுவதா என்பதை மூன்றாம் வருடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஜெட்டுக்குப் போனால் பெரும்பாலும் மறுபடி வலது இருக்கைதான், கேப்டன் பட்டையைக் கழற்ற மனசு வருமா என்பதையும் அவளே சொல்லட்டும்.

இந்த வாரம் செய்யவேண்டியது: கிளாஸ் 1 மெடிக்கல் (உடல்தகுதிச் சான்று), இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி), இரண்டின் காலாவதித் தேதியையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் 12 மாதத்துக்குத்தான் செல்லும், இடையில் புதுப்பிக்கவில்லை என்றால் 14 மாதம் ஆன லைசென்ஸில் ஒன்றாவது முடிந்திருக்கும். சேரும் தேதிக்கு முன் அதைப் புதுப்பிக்க முடியாவிட்டால், பாண்டைப் பற்றிப் பேசும் நிலையே வராது.