விஎம் ரெப்ளிகேஷன் திடீரென்று மெதுவாகிவிட்டது. லைன் வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

விஎம்களை (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளை) வேறு இடத்தில் நகலெடுத்து வைக்கும் ரெப்ளிகேஷன் ஜாப் இரவு பத்து மணிக்குத் தொடங்கி முன்பெல்லாம் பதினொன்றரைக்கு முடிந்துவிடும், ஒரு மாதமாக விடியற்காலை ஐந்து மணி ஆகிறது, 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனை (நமக்கென்று தனியாக வாடகைக்கு எடுத்த இணைப்பை) 100 ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடனே பணம் கட்டிவிடாதீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுத்ததும் இதே லைன்தானே? அப்படியென்றால் மாறியது வேறு ஏதோ. அதை முதலில் பிடிக்க வேண்டும்.

நான் நாகர்கோவிலில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ரெப்ளிகா, அதாவது அந்த நகல், முன்பு மார்த்தாண்டம் கிளையில் இருந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இங்கேயும் இருட்டு, அங்கேயும் இருட்டு. அதற்கப்புறம்தான் ரெப்ளிகாவை ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். முதல் காப்பி ஒன்றரை டிபி. அதை லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்கு மேல் ஆகும் என்பதால் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி காரில் கொண்டுபோய் இறக்கினேன். அன்றாட மாற்றங்கள் மட்டும்தான் லைனில் போகும்.

இந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும். 50 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 6 எம்பி சொச்சம். மணிக்கு 20 ஜிபி போனால் நல்ல லைன். எங்கள் ஜாப் நாற்பது நிமிடத்தில் முடியும், அதாவது 13 ஜிபி அளவுக்கு. ஒரு நாள் அது நாலு மணி நேரமானது. மறுநாளும் அப்படியே. நானும் முதலில் லைன்காரர்களைத்தான் கூப்பிட்டேன். அவர்கள் சோதித்துவிட்டு லைன் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். அது உண்மைதான்.

அப்புறம் ஜாப் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு விஎம்மும் எவ்வளவு அனுப்பியது என்று தனித்தனியாகப் பார்த்தேன். கணக்கு சாஃப்ட்வேர் ஓடும் ஒரே விஎம் மட்டும் 70 ஜிபி கூடுதலாக அனுப்பியிருந்தது. உள்ளே போய் டி டிரைவைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தினால், முந்தின இரவு ஒன்பது மணிக்கு உருவான ஒரு பேக்கப் ஃபைல். சாஃப்ட்வேரைப் பராமரிப்பவர் பாதுகாப்புக்காக நல்ல எண்ணத்தில் தினமும் முழு பேக்கப் எடுக்கும்படி வைத்திருக்கிறார். ரெப்ளிகேஷனுக்கு ஃபைல் எது, பேக்கப் எது என்றெல்லாம் தெரியாது. டிஸ்க்கில் மாறிய பிளாக்குகளை (டிஸ்க்கின் சிறு சிறு துண்டுகளை) மட்டும்தான் அது பார்க்கும். அந்த 70 ஜிபியும் அதற்குப் புது டேட்டா. டிஸ்க்கில் சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் ஓடினாலும், டேட்டாபேஸ் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டினாலும் இதே கதைதான்.

பேக்கப்புக்குத் தனி விர்ச்சுவல் டிஸ்க் கொடுத்து, அந்த டிஸ்க்கை ரெப்ளிகேஷனிலிருந்து விலக்கினேன். பேக்கப் ஃபைல் தனியாக நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியான நாஸுக்குப் போகிறது. அன்று இரவே ஜாப் நாற்பது நிமிடத்துக்குத் திரும்பியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அதே சூட்டில் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான எஸ்கியூஎல் சர்வரின் தற்காலிக டேட்டாபேஸ் டெம்ப்டிபியையும் விலக்கிய டிஸ்க்குக்கு மாற்றத் தோன்றும். மாற்றலாம், ஆனால் ரெப்ளிகாவை ஆன் செய்யும்போது அந்த டிரைவ் இருக்காது, எஸ்கியூஎல் கிளம்பவே கிளம்பாது. அந்தப் பக்கத்திலும் அதே டிரைவ் எழுத்தோடு ஒரு காலி டிஸ்க்கும் அதே ஃபோல்டரும் தயாராக இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெப்ளிகாவை டெஸ்ட் ஃபெயிலோவர் செய்து, அதாவது சோதனைக்காக நகலை இயக்கிப் பார்த்தபோதுதான் இது எனக்குப் புரிந்தது. நிஜமாகவே சர்வர் விழுந்த நாளில் தெரிய வந்திருந்தால் அலுவலகமே நின்றிருக்கும்.

உங்கள் ஜாப்பில் அனுப்பிய அளவு கூடவில்லை, நேரம் மட்டும் கூடியிருக்கிறது என்றால் பார்க்க வேண்டிய இடம் வேறு. வீம் என்ற ரெப்ளிகேஷன் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினால் ரிப்போர்ட்டில் ரீட் (படித்தது), ட்ரான்ஸ்ஃபர்டு (அனுப்பியது) என்ற இரண்டு எண்களும் இருக்கும். அனுப்பியது கொஞ்சம், படித்தது கிட்டத்தட்ட முழு டிஸ்க் என்றால் மாறிய பிளாக்குகளைக் கணக்கு வைக்கும் சிபிடி வேலை செய்யவில்லை. ஹோஸ்ட் தாறுமாறாக அணைந்தால் இப்படி ஆவதுண்டு, ரீசெட் செய்ய வேண்டும். எங்கே தடைபடுகிறது என்று காட்டும் பாட்டில்நெக் வரியில் டார்கெட் என்று வந்தால் அந்தப் பக்கத்து டிஸ்க்தான் திணறுகிறது. ரீஸ்டோர் பாயின்ட்டுகளை (திரும்பிப் போவதற்காக வைத்திருக்கும் பழைய நிலைகளை) நிறைய வைத்திருந்தால் குறைத்துப் பாருங்கள்.

அதே வரியில் நெட்வொர்க் என்று வந்தால்கூட லைன் போதவில்லை என்று அர்த்தமில்லை. நம் மாவட்டத்தில் ஐப்பசி இடி மின்னலுக்கு, ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் போவது வழக்கம். எங்களுக்கு ஒருமுறை புதிதாக வைத்த கன்வர்ட்டர் 100 ஃபுல் டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும்) நிலையாக இருந்தது, எங்கள் ஸ்விட்ச் போர்ட் ஆட்டோவில் இருந்ததால் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) இறங்கிவிட்டது. பிங் அழகாக வரும், பெரிய டேட்டா மட்டும் தவழும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்ததும் சரியானது.

இன்று இரவு ஜாப் முடிந்ததும் ஒவ்வொரு விஎம்முக்கும் படித்தது, அனுப்பியது, எடுத்த நேரம் மூன்றையும் குறித்துச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு முந்தின ரிப்போர்ட்டும் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.