இடிக்கலாமா அண்ணாச்சி? – பழைய வீட்டுக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நாற்பது வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் ஓய்வாக இருக்கிறேன். பழைய வீட்டை என்ன செய்வது என்று கேட்டவர்களில் சிலருக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் வேலையில் முட்டி மோதித் தெரிந்துகொண்டது. பத்திரம், பட்டா சமாச்சாரங்களை ஒரு வக்கீலிடமும் காட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்தில் எங்கள் வீடு. கொள்ளுத்தாத்தா கட்டியது, 110 வருடம் இருக்கும். நூறு வருடம் தாண்டிய வீட்டை இடிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சித்தப்பா சொல்கிறார். உண்மையா?

சித்தப்பா பாதி கேட்டிருக்கிறார். புராதனச் சின்னங்களுக்கான மத்திய அரசின் 1958-ஆம் வருடச் சட்டத்தில் நூறு ஆண்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆனால் நூறு வயது ஆனதாலேயே ஒரு வீடு பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடாது. அரசு அப்படி அறிவிக்க வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையின் 1966 சட்டத்திலும் இதே கதைதான். பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஒரு ஆணையம் அமைக்க 2012-இல் மாநிலச் சட்டம் வந்தது. சென்னையில் உயர் நீதிமன்றம் 2010-இல் கொடுத்த தீர்ப்பைத் தொடர்ந்து பழைய கட்டடங்களின் பட்டியல் ஒன்று பேசப்படுகிறது, அது சென்னைக்கு. நம்மூர்க்காரர்கள் அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

உங்கள் வீடு எந்த அறிவிப்பிலும் இல்லையென்றால், உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு இடிக்கலாம். யாரும் வந்து கையைப் பிடிக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் கவலை. தடுக்க ஆள் இருந்தால் நாம் வாதாடுவோம், யோசிப்போம். இல்லாததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வந்து நிற்கிறது.

கேள்வி: சேரன்மகாதேவி பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் பூர்வீக வீடு இருக்கிறது. இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டலாம் என்று திட்டம். என்ன செய்ய வேண்டும்?

முதலில், இடிக்காதீர்கள். அந்தக் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-இல் திருத்திய அந்த 1958 சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அடுத்த 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட அனுமதி கிடையாது. 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே நிற்கும் வீடு என்றால் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். அவ்வளவுதான்.

இதில் பொறி எங்கே என்றால், நிற்கும் வீட்டைப் பழுது பார்க்கலாம். இல்லாத வீட்டை எப்படிப் பழுது பார்ப்பது? ஆத்திரத்தில் இடித்துவிட்டு, வேலி போட்ட மனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அடுத்த 200 மீட்டருக்குள் இருந்தால் முன்அனுமதியோடு கட்டலாம், உயரத்துக்குக் கட்டுப்பாடு வரும். தூரத்தைக் கோபுரத்திலிருந்து நீங்களே அடி வைத்து அளக்க வேண்டாம். துறையின் எல்லையிலிருந்துதான் கணக்கு.

அம்பாசமுத்திரம் பக்கம் திருவாலீஸ்வரத்தில் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், அங்குள்ள கோயிலும் அதே துறையின் பாதுகாப்பில்தான். அறநிலையத் துறை நடத்தும் எல்லாக் கோயிலுக்கும் இந்த மீட்டர் கணக்கு பொருந்தாது.

கேள்வி: திருநெல்வேலி டவுணில் ரத வீதிக்குப் பின்னால் மச்சு வீடு. உத்திரம் தொய்ந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் விழும் என்று கான்ட்ராக்டர் சொல்கிறார். அம்மா தார்சாவில்தான் (முன்கூடம்) படுக்கிறார். பயமாக இருக்கிறது அண்ணாச்சி.

அம்மாவை முதலில் வேறு அறைக்கு மாற்றுங்கள். அப்புறம் நிதானமாகப் பார்ப்போம்.

தொய்வு வேறு, உளுப்பு வேறு. பத்தடி தேக்கு உத்திரம் நூறு வருடம் பாரம் தாங்கினால் நடுவில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இறங்கியபடியே ஐம்பது வருடம் நிற்கவும் செய்யும். ஆபத்து நடுவில் இல்லை, சுவருக்குள் நுழையும் முனையில்தான். மட்டப்பாவிலிருந்து (மொட்டை மாடி) தண்ணீர் சுவர் வழியே இறங்கும்போது அந்த முனைதான் நனைந்துகொண்டே இருக்கும். காற்றும் படாது. செல்லு (கரையான்) பிடிப்பதும் அங்கேதான். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து, சுவரை ஒட்டிய இடத்தில் மரத்தைக் குத்திப் பாருங்கள். கால் அங்குலம்கூட இறங்காமல் நின்றால் மரம் நன்றாக இருக்கிறது. வெண்ணெய் மாதிரி இறங்கினால் முனை போய்விட்டது. சுத்தியலால் தட்டினாலும் தெரியும்: நல்ல மரம் கணீரென்று பேசும், உளுத்தது பொத்தென்று கேட்கும்.

முனை போனாலும் வீடு போகவில்லை. உளுத்த இரண்டடியை வெட்டிவிட்டு அதே மரத்தில் ஒட்டுப் போடும் ஆசாரிகள் இன்னும் இருக்கிறார்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் முடுக்கலாம், அல்லது சுவரோரம் ஒரு தூண் கொடுக்கலாம்.

மேலே ஏறியும் பாருங்கள். ஒழுகும்போதெல்லாம் பழைய தட்டோடுகளை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு தளம் போட்டிருப்பார்கள். மூன்று தலைமுறை ஒழுகலுக்கு மூன்று தளம். உத்திரம் தொய்வதற்குப் பாதிக் காரணம் அந்தப் பாரம்தான். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுக்க வேண்டும்.

நானும் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். முனையைப் பார்க்காமல், தொய்வை மட்டும் பார்த்து ஒரு வீட்டுக்கு "இடிக்கலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். பிரித்தபோது பதினொரு உத்திரத்தில் ஒன்றே ஒன்றுதான் கெட்டிருந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மரம் வாங்க வந்தவர்தான் சிரித்தார்.

கேள்வி: சிந்துபூந்துறையில் ஆற்றோரம் வீடு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. அதன் பிறகு பின்சுவரில் விரிசல். இடித்துவிடுவதுதான் நல்லதா?

விரிசல் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரியாமல் பதில் இல்லை. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கண்ணாடி உடையவில்லை என்றால் சுவர் அமர்ந்துவிட்டது. சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துக்கொள்ளலாம். உடைந்தால் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். சுவர் வெளிப்பக்கம் பிதுங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே முட்டுக் கொடுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் நிறையப் பேர் ஓதத்துக்கு (சுவரில் ஏறும் ஈரம்) பயந்து சிமெண்ட் பூசினார்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு அது மூக்கை அடைத்த மாதிரி. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறுகிறது. பூசியிருந்தால் கொத்தி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். வீடு இன்னும் தாத்தா பெயரில். நானும் தம்பியும் இடிப்பதாக முடிவு செய்துவிட்டோம். மும்பையில் இருக்கும் அக்காவிடம் கேட்க வேண்டுமா? அவளுக்குத்தான் 1985-லேயே நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே.

கேட்க வேண்டும். தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம், அதற்கு முன் கல்யாணம் ஆன பெண்களைக் கூட்டுக்குடும்பச் சொத்து உரிமையிலிருந்து விட்டுவிட்டது. அதை வைத்துத்தான் ஊரில் இன்னும் பேசுகிறார்கள். 2005-இல் மத்தியச் சட்டம் மாறியது. மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. பூர்வீகமோ, தாத்தாவின் சுயசம்பாத்தியமோ, அதை வக்கீல் பார்த்துச் சொல்லட்டும். எப்படிப் பார்த்தாலும் அக்கா கையெழுத்து இல்லாமல் கூரை ஓட்டைத் தொடாதீர்கள். பாதி இடித்த பிறகு தடையுத்தரவு வந்து, முற்றத்தில் கருவேலம் முளைத்துக் கிடக்கும் வீடுகள் தாமிரபரணி இரு கரையிலும் இருக்கின்றன. அத்தைமார்கள் இருந்தால் அவர்களிடமும்தான்.

நகையைப் பற்றி அக்காவிடம் பேச்செடுக்காதீர்கள். அது என் சொந்த ஆலோசனை.

கேள்வி: வீடு எங்களுடையது, மனை கோயிலுடையது. வருடாவருடம் பகுதி (மனை வாடகை) கட்டுகிறோம். இடிக்கலாமா?

கோயில் நிர்வாக அதிகாரியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் கூடாது. சுவர் உங்களுடையது என்று காட்ட உங்களிடம் இருக்கும் பெரிய சாட்சி அந்தச் சுவர்தான். பகுதி பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டி ரசீதை வையுங்கள்.

கேள்வி: இடித்துக் கட்டினால் இடம் மிச்சமாகும் என்கிறார்கள். எங்கள் மனை 16 அடி அகலம், 140 அடி நீளம்.

குறையத்தான் வாய்ப்பு. இப்போது உங்கள் வீடு சுவரோடு சுவராக, தெருவோடு திண்ணையாக நிற்கிறது. இடித்த நிமிடமே 2019 கட்டட விதிகள் வந்துவிடும். முன்னால் இடம் விட வேண்டும். உங்கள் தெரு தொடர் கட்டடப் பகுதியாக (சுவரோடு சுவராகக் கட்டலாம் என்ற பகுதி) அறிவிக்கப்படவில்லை என்றால் பக்கவாட்டிலும் விட வேண்டும். 16 அடியில் விட்டது போக என்ன மிஞ்சும்? திண்ணை தெருப் புறம்போக்கில் நீட்டிக்கொண்டிருந்தால் அது திரும்ப வராது. இடிப்பதற்கு முன்பே புது வீட்டுக்கு வரைபடம் போட்டு, அனுமதி கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு வரைபடத்தைப் பார்த்துத்தான் மனம் மாறினார்கள். பாரம்பரியம், பழமை என்று நான் பேசியதெல்லாம் அவர்கள் காதில் ஏறவே இல்லை.

கேள்வி: இலவசமாகவே இடித்துத் தருவதாகவும், மேலே 50,000 ரூபாய் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். நல்ல விலைதானே?

அவருக்கு நல்ல விலை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள். தலைவாசல் நிலை, கதவு, பட்டாசல் (நடுக்கூடம்) தூண்கள், உத்திரம், சல்லக்கட்டை (உத்திரத்தின் மேல் போடும் சிறு கட்டை), அழி (கம்பி அடைப்பு), அரங்கு வீட்டுக் (உள்ளறை) கதவின் பித்தளைப் பூட்டு, பத்தாயம் (நெல் சேர்க்கும் பெட்டி), முற்றத்துக் கல் தூண், அம்மி, உரல், கிணற்றுக் கல். ஒவ்வொன்றின் நீளம் அகலத்தை எழுதி போட்டோ எடுங்கள். பழைய தேக்கு வாங்கும் இரண்டு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விலை கேளுங்கள். 50,000 எங்கே நிற்கிறது என்று அப்போது தெரியும்.

இன்னொன்று, ஜேசிபி வைத்து இடிப்பதும் ஆள் வைத்துப் பிரிப்பதும் ஒன்றில்லை. பிரித்தால் ஓடு ஓடாக, மரம் மரமாகக் கையில் கிடைக்கும். இடித்தால் எல்லாம் சேர்ந்து மண். ஒப்பந்தத்தில் "பிரித்தல்" என்றே எழுதுங்கள்.

கேள்வி: பரணில் ஒரு கட்டு ஏடு இருந்தது. பாட்டி எரிக்கவோ ஆற்றில் விடவோ சொல்கிறார். கேட்கச் சங்கடமாக இருக்கிறது, தரைக்குக் கீழே ஏதாவது கிடைத்தால் எங்களுக்குத்தானே?

ஏட்டை எரிக்காதீர்கள், ஆற்றிலும் விடாதீர்கள். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி நம் சீமைக்கு வந்தவர். பத்துப்பாட்டுக்கு ஆழ்வார்திருநகரியில் அவருக்கு ஏடு கிடைத்தது. உங்கள் கட்டு வெறும் வரவு செலவுக் கணக்காகவும் இருக்கலாம், அதனால் என்ன? துணியில் சுற்றி வைத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வரலாறு, இலக்கியம் போன்ற மதிப்புள்ள, 75 வருடம் தாண்டிய கையெழுத்துச் சுவடி 1972 சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும். வெளிநாட்டுக்கு விற்றனுப்பினால் குற்றம்.

தரைக்குக் கீழே கிடைப்பதற்கு 1878-ஆம் வருடச் சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய்தான்.

கேள்வி: எல்லோரையும் வைத்துக்கொள்ளவே சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் கக்கூஸ் புறவாசலுக்கு அப்பால். மாமியாருக்கு 80 வயது, மூன்று படி இறங்கிப் போக வேண்டும். மேற்குச் சுவர் மண் சுவர், பாதி கரைந்துவிட்டது. இன்னும் எத்தனை நாள் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு அழுவது?

நீங்கள் சொல்வது நியாயம் அம்மா. பழைய வீட்டின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டில் சாணி மெழுகினவர்கள் இல்லை. என்னையும் சேர்த்துத்தான்.

அந்த மண் சுவர்ப் பகுதியை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில், அடுக்களையை ஒட்டி, படியில்லாமல் ஒரு குளியலறையும் கக்கூசும் கட்டுங்கள். முன்பகுதி காரைக் கட்டாக இருந்து, மரமும் நன்றாக இருந்தால் அதைத் தொட வேண்டிய தேவையில்லை. அதுவும் போய்விட்டது என்றால் முழுவதையும் பிரியுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும். மேற்குச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொதுச்சுவர் என்றால், அவர்கள் வீட்டு உத்திரமும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். கடப்பாரை வைப்பதற்கு முன் அந்தப் பக்கத்து அக்காவையும் கூப்பிட்டுக் காட்டி, முட்டுக் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்கப் பாருங்கள்.